உதவித்தொகை: ஒரு சொல்லும் அதன் ஆய்வகமும்

‘உதவித்தொகை’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். முதியோர் உதவித்தொகை, மாற்றுத் திறனாளி உதவித்தொகை, ஆய்வு உதவித்தொகை: நம்ம நிர்வாகத் தமிழில் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ‘ஃபெலோஷிப்’ என்கிற சொல்லில் சக அறிஞர், கூட்டாளி என்ற பாவனையாவது மிச்சமிருக்கிறது. தமிழாக்கியவர் அந்தப் பாவனையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருக்கிற உறவை அப்படியே எழுதிவிட்டார். கொடுப்பவர் உதவுகிறார்; வாங்குபவர் உதவப்படுகிறார். காலை எட்டரைக்கு ஆய்வகத்துக்குள் போய் இரவு பதினொன்றுக்கு வெளியே வருகிற ஒருவர் இடையில் என்ன செய்தார் என்பதற்கு இந்தச் சொல்லில் இடமே இல்லை. பணம் வருவதற்கு முன்னால் ஓர் உழைப்பு நடந்தது என்பதை அழித்துவிட்டுத்தான் சொல் வாயைத் திறக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அறிவியல் ஆய்வக விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பணக் கணக்குகளைப் போராடியவர்கள் என்னைவிட நன்றாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பிரதிகளைப் படிப்பது. அரசாணையும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, சொல்லாமல் விட்ட இடங்கள் உண்டு. சிறுகதைக்குச் செலவிடுகிற கவனத்தில் பாதியை அரசாணைகளுக்குச் செலவிட்டிருந்தால் நம் விமர்சனம் இன்னும் கொஞ்சம் உபயோகமாக இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2019 ஜனவரி 30 அன்று வெளியிட்ட ஆணையை எடுத்துக்கொள்வோம். இளநிலை ஆய்வாளருக்கு (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 25,000 ரூபாயாக இருந்தது 31,000 ஆகிறது, முதுநிலை ஆய்வாளருக்கு 28,000 ரூபாய் 35,000 ஆகிறது. அதே மாதம்தான் தில்லியில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் வாசலில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் திரண்டிருந்தார்கள். முந்தைய உயர்வு 2014 அக்டோபரில் வந்தது. அதற்கும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அடுத்த உயர்வு 2023இல்: 37,000, 42,000. 2010, 2014, 2019, 2023 என்று வருடங்களை எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஓர் ஆய்வாளரின் உதவித்தொகைக் காலம் ஐந்தாண்டு. ஒரு தலைமுறை ஒரே ஒரு போராட்டத்தை நடத்தி, அதன் பலன் கைக்கு வரும்போது ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேறிவிடுகிறது. அடுத்து வருபவர்கள் மனு எழுதுவது எப்படி என்பதிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். போராட்டத்துக்கு நினைவு சேர்வதே இல்லை.

ரூபாய் எண்களுக்குக் கீழே இருக்கிற நிபந்தனைப் பகுதியைத்தான் படிக்கணும். அகவிலைப்படி கிடையாது. போனஸ் கிடையாது, விடுப்புப் பயணச் சலுகை கிடையாது. ஓய்வுக்காலப் பலன் கிடையாது. இத்தனை ‘கிடையாது’களுக்குப் பிறகு கடமைகள் என்று ஒரு பகுதி வருகிறது. தான் இருக்கிற நிறுவனத்தின் ஒழுங்கு விதிகளுக்கு ஆய்வாளர் கட்டுப்பட்டவர் என்கிறது அது. சலுகை கேட்டால் மாணவர், கீழ்ப்படியச் சொல்லும்போது ஊழியர். ஒரே பிரதிக்குள் ஒரே ஆள் இரண்டு தன்னிலைகளாகப் பிளக்கப்படுகிறார். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை.

அகவிலைப்படி என்ற அந்த ஒரு வரி சாதாரணமானதில்லை. மத்திய அரசு ஊழியருக்கு, அந்த ஆய்வகத்தின் பேராசிரியருக்கும் சேர்த்து, விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டு ஆண்டுக்கு இருமுறை படி ஏறுகிறது (கொரோனாக் காலத்தில் நிறுத்திவைத்த மூன்று தவணை நீங்கலாக). யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சந்தையில் தக்காளி விலை ஏறினால் ஆணை தானே வந்துவிடும். அதே பேராசிரியரின் அதே அறையில் நிற்கிற ஆய்வாளருக்கு 2014 முதல் 2019 வரை விலைவாசியே நகரவில்லை. சம்பளம் என்பது விலைவாசியை அறிந்தது. உதவி உதவுகிறவரின் மனநிலையை மட்டும்தான் அறியும். நெட் தேர்ச்சி பெறாத ஆய்வாளர்களின் கதை இன்னும் மோசம். 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு அவர்களுக்குத் தந்துவந்த மாதம் 8,000 ரூபாயையும் நிறுத்துவதாக அறிவித்தது. மாணவர்கள் அதன் தில்லி அலுவலக வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். உயர்வுக்காக அல்ல, இருப்பது போகாமலிருக்க.

இந்தப் பிளவு ஆய்வகத்தில் மட்டும் நடப்பதில்லை. 1961ஆம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தில் 17, 18 என்று அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள். நடத்தையிலும் ஒழுங்கிலும் பழகுநர் அந்த நிறுவன ஊழியர்களுக்கான விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது 17. பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர தொழிலாளி இல்லை, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்கிறது 18. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்காக எழுதப்பட்ட இலக்கணம், மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் செய்கிறவருக்கு வரி மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் நிரந்தரத் தொழிலாளிக்கு இணையாக லைனில் நிற்கிற பையன்களை நம் தோழர்கள் நன்றாகவே அறிவார்கள். கிண்டியில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அதே நிலையில் நிற்கிறவரை மட்டும் ஏன் ‘மேல்தட்டு அறிவுஜீவி’ என்று தள்ளி வைக்கிறோம்?

நீதிமன்றங்களும் இந்த விளையாட்டை ஆடியிருக்கின்றன. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்பதன் எல்லையை அகலமாக விரித்தது. கல்வி நிறுவனமும் அதற்குள் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1988இல், சுந்தராம்பாள் வழக்கில் ஆசிரியர் ‘தொழிலாளி’ இல்லை என்று தீர்ப்பு. பள்ளி தொழிற்கூடம், அதில் பாடம் நடத்துகிறவர் தொழிலாளி அல்ல. ஆசிரியருக்கே இந்தக் கதி என்றால் அவருக்குக் கீழே நிற்கிற ஆய்வாளர் எங்கே போவது? அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களின் முதுகலை உதவியாளர்களை அந்நாட்டுத் தொழிலுறவு வாரியம் 2000இல் ஊழியர் என்றது, 2004இல் முதன்மையாக மாணவர் என்றது, 2016இல் மறுபடியும் ஊழியர் என்றது. இந்தப் பதினாறு வருஷத்தில் சோதனைக்குழாய் கழுவுகிற விதம் மாறவில்லை. வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள்.

*

இனி ஒரு படம். ஜெர்மனியின் கல்வி ஆராய்ச்சி அமைச்சகம் தன் சட்டம் ஒன்றை விளக்குவதற்காக 2018இல் போட்ட சிறிய கார்ட்டூன் படம். அதன் நாயகி ஹன்னா; உயிரியல் ஆய்வாளர். 2007இல் வந்த அந்தச் சட்டம், அறிவியல் பணியாளரை முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டும் பின் 6 ஆண்டும் (மருத்துவத்தில் 9) தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம் என்கிறது. அதற்கப்புறமும் தற்காலிகமாகவே தொடர வேண்டுமானால் திட்ட நிதி எதிலாவது ஒட்டிக்கொள்ள வேண்டும். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் திடீரென்று ‘பேராசிரியராகு, இல்லாவிட்டால் வெளியே போ’ என்ற வாசலில் நிறுத்தப்படுகிறார். 2021இல் வந்த கூட்டரசு அறிக்கை ஒன்றின்படி, பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் அல்லாத, 45 வயதுக்குட்பட்ட அறிவியல் பணியாளர்களில் 92 சதவீதம் பேர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார்கள்.

படம் இதற்குச் சொல்கிற நியாயம் கவனிக்கத்தக்கது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் புதுமை பிறக்கும். ஒரு தலைமுறையே எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ‘அடைப்பு’ என்கிற உருவகம் எங்கிருந்து வருகிறது? குழாயிலிருந்து. அறிவியல் ஒரு குழாய். ஹன்னா அதில் ஓடவேண்டிய நீர், நின்றுவிட்டால் கசடு. பன்னிரண்டு வருஷம் ஒரு துறையில் ஊறியவர் எந்தக் கணத்தில் நீரிலிருந்து கசடாக மாறுகிறார் என்று படம் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது: ஆயுட்காலப் பதவியில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியர். அவர் முப்பது வருஷம் அதே நாற்காலியில் இருந்தாலும் குழாய் அடைபடாதாம். ஆட்கள் மாறினால்தான் புதுமை என்கிற விதி கீழ்நோக்கி மட்டும் ஓடுகிறது.

2021 ஜூனில் இந்தப் படத்தை வெளியே இழுத்துப்போட்டு, ‘நான் ஹன்னா’ என்ற வாசகத்தின் கீழ் தங்கள் ஒப்பந்தக் கணக்குகளை எழுதச் சொன்னவர்கள் மூவர்: அம்ரை பார், கிறிஸ்டின் ஐஷ்ஹோர்ன், செபாஸ்டியன் குபோன். ஒருவர் தத்துவம், ஒருவர் இலக்கியம், ஒருவர் வரலாறு. (பிரதி படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆய்வக விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.) ஆயிரக்கணக்கானோர் ட்விட்டரில் எழுதினார்கள். அமைச்சகம் படத்தைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. சில நாட்களிலேயே மொழியியலாளரும் ராப் பாடகியுமான ரெய்ஹான் ஷாஹின் ‘நான் ரெய்ஹான்’ என்று தொடங்கினார். புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கார்ட்டூனில் முகமே இல்லையே என்பது அவர் கேள்வி. பொதுவான பாதுகாப்பின்மை என்று ஒன்றைப் பேசத் தொடங்கியதுமே அதற்குள் ஒரு மையமும் விளிம்பும் உருவாகிவிடுகின்றன.

நம்ம ஊர் வேலை விளம்பரங்களில் ஹன்னாவின் கதை மூன்று வரியில் முடிந்துவிடும். பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடியும்போது பணியும் முடியும், நிரந்தரப் பணி கோர உரிமை கிடையாது. முனைவர் பட்டமும் வெளிநாட்டு ஆய்வனுபவமும் பெற்று வருகிறவருக்கு ‘இன்ஸ்பயர்’ ஆசிரியர் விருது என்று ஐந்தாண்டுக்கு ஒன்று இருக்கிறது. பெயரில் ஆசிரியர் உண்டு. ஆறாவது ஆண்டில் வேலை உண்டா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதுவும் கிடைக்காதவர் அரசு கலைக் கல்லூரியில் ‘கௌரவ விரிவுரையாளர்’ ஆகலாம். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு விருதே தரலாம். பணத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த இடத்தைக் கௌரவம் என்ற சொல்லால் பூசியிருக்கிறார். மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பரிந்துரைத்தது. அந்த எண்ணைக் கேட்டுத் தமிழ்நாட்டுக் கௌரவ விரிவுரையாளர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றிருக்கிறார்கள்.

*

இது வெறும் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை, அறிவியலோடு சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் ஊர்க்காரத் தம்பி ஒருவன் பழ ஈக்களை வளர்க்கிற ஆய்வகம் ஒன்றில் இருந்தான். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈ எட்டு மணி நேரத்துக்குள் தனியே பிரிக்கப்பட வேண்டும். விட்டால் இணைசேர்ந்துவிடும், கலப்புச் சோதனை கெட்டுவிடும். ஆங்கிலத்தில் ‘கன்னி சேகரிப்பு’ என்றே பெயர் (அறிவியலின் சொல்வளம் யாருடைய மூளையிலிருந்து வந்தது என்பதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்). காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. பொங்கலுக்கு ஏன்டா வரலை என்று கேட்டதற்கு, “ஈக்குப் பொங்கல் தெரியாதுண்ணே” என்றான். வேலைநேரம் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. ஈயின் உடலே அங்கே ஷிப்ட் மணி. அதையாவது உயிரியல் என்று ஏற்றுக்கொள்ளலாம். அவனை உண்மையில் தின்றது வேறு. நாலாவது வருஷத்தில் அவனுடைய சோதனைகள் அவனுடைய நெறியாளரின் கருத்தை ஆதரிக்க மறுத்தன. மூன்று முறை செய்து பார்த்தான், மூன்று முறையும் வரவில்லை. “நான் சரியா செய்யலைனு சொல்லலாம், இல்ல அவர் சொன்னது தப்புன்னு சொல்லலாம். நீட்டிப்புல கையெழுத்துப் போடறது யாருண்ணே?” என்றான்.

கார்ல் பாப்பர் அறிவியலைப் பொய்ப்பிக்கத்தக்க கூற்றுகளின் அமைப்பு என்றார். சரி. பொய்ப்பிக்க வேண்டிய ஆள் யார்? நடைமுறையில் அது மேசையில் நிற்கிற இளநிலை ஆய்வாளர். அவர் யாருடைய கருதுகோளைப் பொய்யென்று காட்ட வேண்டுமோ அவரேதான் மாதாமாதம் வருகைச் சான்றில் கையெழுத்திடுகிறார், நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கிறார், அடுத்த நாட்டுக்குப் போக சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். இந்த உறவுக்குள் பொய்ப்பித்தல் என்பது தைரியசாலிகளின் பொழுதுபோக்காகிவிடுகிறது. தாமஸ் கூன் 1962இல் சட்டகம் எப்படிப் பயிற்சி மூலம் அடுத்த தலைமுறைக்குள் இறங்குகிறது என்று விளக்கினார். அந்தப் பயிற்சியின் சம்பளப் பட்டியலை அவர் பார்க்கவில்லை. ஸ்டீவன் ஷேபின் பார்த்தார். ராபர்ட் பாயிலின் காற்றுப் பம்பை இயக்கி, அளந்து, பல சமயம் எழுதியும் தந்த கூலி உதவியாளர்கள் எப்படி 17ஆம் நூற்றாண்டுப் பிரதிகளிலிருந்து காணாமல் போனார்கள் என்று 1989இல் எழுதினார். கனவான் சொன்னால் சாட்சியம். கூலிக்கு வேலை செய்கிறவன் பிறர் வயப்பட்டவன். அவன் பேச்சு சாட்சியமாகாது. ஆக, உண்மை பேசும் தகுதியே பொருளாதாரச் சுதந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. நவீன அறிவியல் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. பணிப் பாதுகாப்பு என்ற ஏற்பாடு பேராசிரியருக்கு எதற்காக வந்தது என்று யோசித்தால், அவிழ்க்கவில்லை, மேல்தட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டது என்று தெரியும்.

*

தமிழ் மரபில் இந்த உறவுக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது: புரவலர், பரிசிலர். (ஏகலைவன் கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது சுலபம். எல்லாரும் ஒட்டியாகிவிட்டது, நான் விடுகிறேன்.) புறப்பாடல் துறைகளில் ‘பரிசில் கடாநிலை’ என்றே ஒன்று: பரிசிலுக்குக் காத்து நிற்கிற புலவர் தன் நிலையைச் சொல்லிக் கேட்பது. ஏழு மாதமாக வராத தொகைக்கு அலுவலக வாசலில் நிற்கிற ஆய்வாளரைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் துறையின் பெயர் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஆனால் புறநானூறு 208 வேறு மாதிரி. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரில் பாராமலே அனுப்பிய பொருளை, தான் வியாபாரத்துக்கு வந்த பரிசிலன் இல்லை என்று பெருஞ்சித்திரனார் மறுக்கிறார். என்னை அறிந்து கொடு, கொஞ்சமாக இருந்தாலும் போதும் என்கிறார். நம் வகுப்பறைகளில் இதைப் புலவரின் தன்மானம் என்று நாத்தழுதழுக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. புரவலர் அமைப்பில் மானத்துக்கு இருக்கிற ஒரே இடம் புரவலரின் கண்கள். அவர் நம்மை அறிந்தால்தான் நாம் இருக்கிறோம். கூலி உறவு, அதன் எல்லாக் கொடுமையோடும், இந்த ஒன்றிலிருந்து விடுவித்தது: முதலாளிக்கு என்னைத் தெரிய வேண்டியதில்லை, வேலை செய்தேன், பணத்தை வை. ஆய்வாளருக்கு இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. ‘நான் பணத்துக்காகச் செய்யவில்லை’ என்கிற பெருஞ்சித்திரனார் குரலை அவர் வாயில் வைத்துவிட்டு, நிறுவனம் காப்புரிமையும் தரவரிசையும் திட்ட நிதியுமாக வணிகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. அறிவின்மீது அவருக்கு இருக்கிற காதலே அவரைக் குறைந்த விலைக்கு வாங்க உதவுகிற கருவியாகிறது. காத்திருக்க முடிகிறவர்தான் காதலிக்கவும் முடியும். காத்திருப்பதற்கு வீட்டில் நெல் இருக்கணும்.

யாரால் காத்திருக்க முடியும் என்ற கேள்விக்குச் சாதி பதில் சொல்லும். 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர்விட்ட ரோஹித் வெமுலா, உயிர் அறிவியலில் தொடங்கி அறிவியல் சமூகவியலுக்கு வந்தவர். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். அவருடைய கடைசிக் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றிய பகுதியை நாடு முழுவதும் மொழிபெயர்த்தோம், சுவரொட்டியாக்கினோம், கவிதையாக்கினோம். அதே கடிதத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. தனக்கு ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபாய், வரவேண்டியிருக்கிறது. அதைக் குடும்பத்துக்குச் சேர்த்துவிடுங்கள், அதில் நண்பர் ஒருவருக்கு நாற்பதாயிரம் கொடுத்துவிடுங்கள் என்கிறார். இலக்கியவாதிகளான நாம் கணக்கு வரியைத் தாண்டிக் குதித்து நட்சத்திரத்துக்குப் போய்விட்டோம். மாதம் 25,000 வீதம் ஏழால் பெருக்கிப் பாருங்கள், பைசா பிசகாது. உதவி கேட்கிற தொனி அதில் இல்லை. செய்த வேலைக்கு நிலுவை கேட்கிறவரின் மொழி அது. அவரை விளிம்புக்குத் தள்ளிய அரசியலை அந்த நிலுவை மட்டும் விளக்கிவிடாது. ஆனாலும் பணம் நின்ற ஏழு மாதத்தை ‘நிர்வாகத் தாமதம்’ என்று தனியே எடுத்து வைக்க முடியாது. கொடுக்காமல் இருப்பதும் ஒழுங்கு நடவடிக்கையின் மொழிதான்.

*

2022 நவம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களிலும் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள்: கற்பித்தல் உதவியாளர்கள், ஆய்வு மாணவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள். டிசம்பரில் ஊதிய உயர்வோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. போதாது என்று எதிர்த்து வாக்களித்தவர்களும் கணிசமானவர்கள். அவர்கள் சேர்ந்திருந்த சங்கம் எது தெரியுமா? மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம். கார் பூட்டுகிறவரும் டி.என்.ஏ. பிரிக்கிறவரும் ஒரே சந்தா ரசீதில். அந்த ஆய்வகங்களில் இந்தியாவிலிருந்து, நம்ம ஊர்களிலிருந்தும், விசாவில் போனவர்கள் நிறைய. அங்கே பேரம் பேசும் அலகுக்குள் வருகிற அதே ஆள் இங்கே மனுக் கொடுப்பவராக நிற்கிறார்.

இங்கே நடந்த போராட்டங்களின் பதாகைகளைப் பாருங்கள்: ‘உதவித்தொகையை உயர்த்து’. கோரிக்கையே எதிராளியின் சொல்லில் இருக்கிறது. சொல்லை மாற்றினால் இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கல்விச் செலவுக்கான உதவி என்று பெயர் இருந்ததால்தான் 1961இன் வருமான வரிச் சட்டம் அந்தத் தொகைக்கு விலக்குக் கொடுத்தது. மாணவர் என்பதால்தான் விடுதியில் அறை. ஊழியர் என்று ஆனால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள், முதலில் வெளியே நிற்கப் போவது யார் என்பதும் நமக்குத் தெரியும் என்று ஒரு தலித் ஆய்வாளர் என்னிடம் சொன்னார். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆய்வாளர்கள் தங்களுக்குள் இதை விவாதிக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன காரியம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட, அந்த ஆணையில் அகவிலைப்படி கிடையாது என்கிற ஒரே வரியை அடிக்கச் சொல்லிக் கேட்கலாம். அடித்துவிட்டால் விலைவாசி ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்துவிடும். அதற்கப்புறம் அந்தத் தொகையை ‘உதவி’ என்று அழைப்பது நிதியமைச்சகத்துக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.